செல்வமகள் சேமிப்புக் கணக்கு: தொடங்குவது முதல் முதிர்வுத் தொகை வாங்குவது வரை

அஞ்சலகக் கவுன்ட்டரில் செல்வமகள் கணக்கைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரில் பலர் மனதில் ஒரு தவறான கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: “பெண்ணுக்கு 21 வயதானால் பணம் வந்துவிடும்.” வராது. 21 ஆண்டு என்பது குழந்தையின் வயது அல்ல, கணக்கின் வயது. குழந்தை பிறந்த மாதமே தொடங்கினால் அவளுடைய 21ஆம் வயதில் கைக்கு வரும். எட்டு வயதில் தொடங்கினால் 29ஆம் வயதில்தான் வரும். கல்லூரிக் கட்டணத்துக்கு எவ்வளவு எடுக்கலாம், எத்தனை ஆண்டு பணம் கட்ட வேண்டும், கடைசியில் எவ்வளவு சேரும் என்பதெல்லாம் இந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன. அதனால் இந்த வழிகாட்டி முழுக்கத் தேதிகளைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

மத்திய அரசின் ‘சுகன்யா சம்ரித்தி’ திட்டம் 2015 ஜனவரி 22 அன்று ஹரியானாவின் பானிப்பட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் ‘செல்வமகள் சேமிப்புத் திட்டம்’ என்று கேட்டால்தான் சட்டென்று புரியும். இப்போது நடைமுறையில் இருப்பவை 2019 டிசம்பரில் வெளியான விதிகள். பழைய கட்டுரைகளில் படித்த சில விஷயங்கள், உதாரணமாகக் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்பதும் பத்து வயதில் சிறுமியே கணக்கை இயக்கலாம் என்பதும், இன்று செல்லாது.

யாருக்குத் தொடங்கலாம்

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகளாக, பத்து வயது நிறையாத பெண் குழந்தையாக இருக்க வேண்டும். பத்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு எந்தச் சலுகையும் கிடையாது. தத்தெடுத்த மகளுக்கும் தொடங்கலாம்.

ஒரு குழந்தைக்கு ஒரு கணக்குதான். அப்பா அஞ்சலகத்தில் ஒன்று, அம்மா வங்கியில் ஒன்று என்று ஒரே மகளுக்கு இரண்டு தொடங்கினால் இரண்டாவது விதிமீறலாகும். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டு பெண் குழந்தைகள். இதற்கு விலக்கு, ஒரே பிரசவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் பிறந்தால் மட்டும். முதலில் ஒரு பெண், அடுத்த பிரசவத்தில் இரட்டைப் பெண்கள் என்றால் மூவருக்கும் தொடங்கலாம். முதல் பிரசவத்திலேயே இரட்டைப் பெண்கள் பிறந்து இருவரும் நலமாக இருந்தால், அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்குத் தொடங்க முடியாது. இரட்டையர் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும்.

தாத்தா பாட்டி பேத்திக்காகத் தொடங்குவது நம் குடும்பங்களில் சகஜம். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போது தாத்தாவோ பாட்டியோ சட்டப்படியான காப்பாளர் ஆக மாட்டார்கள். அப்படித் தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி நிதி அமைச்சகம் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பேத்திக்குச் செய்ய நினைக்கும் தாத்தா, காப்பாளராக அப்பா அல்லது அம்மாவை வைத்துக் கணக்கைத் தொடங்கச் சொல்லிவிட்டு, கட்ட வேண்டிய பணத்தை அவர்கள் கையில் கொடுப்பதே நேரான வழி. பழைய கணக்கு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு போய் உடனே மாற்றிவிடுங்கள்.

கையில் 250 ரூபாய் இருந்தாலே தொடங்கிவிடுங்கள்

“கொஞ்சம் வசதி வரட்டும், அப்புறம் தொடங்கலாம்” என்று தள்ளிப்போடுவதுதான் இந்தத் திட்டத்தில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. தொடங்கக் குறைந்தபட்சம் 250 ரூபாய் போதும். தொடங்கிய நாளிலிருந்து கணக்கின் வயது ஏற ஆரம்பித்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆண்டுக்கு 250 மட்டும் கட்டிவிட்டு, வசதி வந்த ஆண்டில் ஒன்றரை லட்சம் வரை ஏற்றிக்கொள்ளலாம். தொகை பிறகு கூடலாம்; கணக்கு தொடங்கிய தேதியை ஒருபோதும் பின்னோக்கி நகர்த்த முடியாது.

மாதம் 1,000 ரூபாய் கட்டுகிற இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தவுடன் தொடங்கினார்கள். இன்னொரு வீட்டில் எட்டு வயதில். வட்டி 8.2 சதவீதமாகவே நீடித்தால், பெண்ணுக்கு 18 ஆகும்போது முதல் வீட்டுக் கணக்கில் சுமார் 4.37 லட்சம் இருக்கும். படிப்புக்காக அதில் பாதி, 2.18 லட்சம் வரை எடுக்கலாம். இரண்டாவது வீட்டில் அதே வயதில் சுமார் 1.83 லட்சம்தான் இருக்கும். எடுக்க முடிவது 91 ஆயிரம் சொச்சம். மீதி முதிர்வதற்கு அவளுக்கு 29 வயதாக வேண்டும்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்

அஞ்சலகங்களிலும், ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, கனரா வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட வங்கிகளிலும் கணக்குத் தொடங்கலாம். வட்டியும் விதியும் எங்கும் ஒன்றே. உங்கள் சம்பளமோ வியாபாரப் பணமோ எந்த வங்கியில் வருகிறதோ அங்கேயே தொடங்கினால் தானாகப் பணம் போக ஏற்பாடு செய்வது சுலபம். கிராமத்தில் வங்கி தொலைவென்றால் அஞ்சலகமே மேல்.

எடுத்துச்செல்ல வேண்டியவை: கணக்குத் தொடங்கும் விண்ணப்பம் (படிவம் 1, கவுன்ட்டரிலேயே கிடைக்கும்), குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், காப்பாளரின் ஆதார், பான் கார்டு, காப்பாளரின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், முகவரி ஆதாரில் இல்லாத இடம் என்றால் அதற்குத் தனிச் சான்று, பிறகு முதல் தவணைப் பணம். குழந்தைக்கு ஆதார் எடுத்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 31 அறிவிப்புக்குப் பிறகு அரசின் சிறுசேமிப்புத் திட்டங்களுக்கு ஆதார் கட்டாயம். பான் எண் கையில் இல்லாமல் தொடங்கினாலும், இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலோ ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினாலோ இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கொடுக்கும்வரை கணக்கு இயங்காது.

கவுன்ட்டரில் பெரும்பாலும் சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு வாங்கிய சான்றிதழ்களில் பெயர் இடம் காலியாக இருப்பது வழக்கம். பிறந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் பதியலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணம் உண்டு. பெயரைப் பதிந்து புதுச் சான்றிதழ் எடுத்த பிறகு அஞ்சலகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், ஆதாரில் முன்னால் இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் பின்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நாம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பதினெட்டு ஆண்டு கழித்து அந்தப் பெண் கல்லூரிக்குப் பணம் எடுக்கப் போய் நிற்கும்போது பாஸ்புக்கில் ஒரு பெயரும் மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயரும் இருந்தால் பிரமாணப் பத்திரம், அலைச்சல் என்று ஆரம்பித்துவிடும். பள்ளியில் எந்த வடிவத்தில் சேர்க்கப்போகிறீர்களோ அதே வடிவத்தை இப்போதே முடிவு செய்து, ஆதாரையும் கணக்கையும் அதற்கு ஒத்தாற்போல வையுங்கள்.

பாஸ்புக் கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: குழந்தையின் பெயர் எழுத்து, பிறந்த தேதி, காப்பாளர் பெயர், கணக்கு தொடங்கிய தேதி, வாடிக்கையாளர் எண். உங்கள் செல்போன் எண் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அன்றைக்கே திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பணம் கட்டுவது: ஐந்தாம் தேதி

ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய். 50 ரூபாயின் மடங்குகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் தவறிக் கட்டிய தொகைக்கு வட்டி கிடையாது, திரும்பத்தான் வரும்.

வட்டி கணக்கிடும் முறையைப் புரிந்துகொண்டால் ஐந்தாம் தேதியை மறக்கவே மாட்டீர்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எதுவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஏப்ரல் 5இல் கட்டிய பணத்துக்கு ஏப்ரல் வட்டி உண்டு. 6ஆம் தேதி கட்டினால் மே மாதத்திலிருந்துதான். மாதாமாதம் சேரும் வட்டி நிதியாண்டு முடிவில் கணக்கில் ஏறும்; அடுத்த ஆண்டு முதல் அந்த வட்டிக்கும் வட்டி.

மாதம் 1,000 ரூபாயை 15 ஆண்டுகள் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டினால், 8.2 சதவீதத்தில் முதிர்வின்போது சுமார் 5.54 லட்சம் சேரும், கட்டியது 1.8 லட்சம். அதே ஆயிரத்தை எப்போதும் 5க்குப் பிறகே கட்டினால் சுமார் 3,600 ரூபாய் குறையும். இது சின்ன இழப்புதான். சம்பளம் 7ஆம் தேதி வருகிறவர்கள் கடன் வாங்கி 5க்குள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கு 12,000 ரூபாயை ஏப்ரல் முதல் வாரத்திலேயே மொத்தமாகக் கட்ட முடிந்தால் 5.74 லட்சம் வரும், மாதாந்திரத்தைவிட இருபதாயிரம் அதிகம்.

பெரிய தொகை கட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணை உறுத்தும் அளவுக்குப் போகும். ஆண்டுதோறும் ஏப்ரல் 5க்குள் 1.5 லட்சம் கட்டினால் முதிர்வில் சுமார் 71.8 லட்சம். வரிக் கணக்கு நெருக்கும் மார்ச் கடைசி வாரத்தில் ஓடிப்போய் அதே 1.5 லட்சத்தைக் கட்டுகிறவருக்குச் சுமார் 66.4 லட்சம். கட்டியது இருவரும் 22.5 லட்சம்தான். நடுவில் ஐந்தரை லட்சம் போகிறது, வெறும் பழக்கத்தால்.

செக்கில் கட்டுகிறவர்கள் 5ஆம் தேதிக்குச் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அது பணமாக நாள் பிடிக்கும். அஞ்சலகக் கணக்குக்கு வீட்டிலிருந்தே கட்ட வேண்டுமானால், அஞ்சல்துறையின் பேமெண்ட்ஸ் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி அதன் செயலியில் அஞ்சலகச் சேவைகள் பகுதிக்குள் போனால் செல்வமகள் கணக்கு என்ற வசதி இருக்கும். கணக்கு எண்ணையும் பாஸ்புக்கில் உள்ள வாடிக்கையாளர் எண்ணையும் கொடுத்து, திரையில் வரும் பெயர் உங்கள் மகளுடையதுதானா என்று பார்த்த பிறகு தொகையைச் செலுத்துங்கள். வங்கியில் வைத்திருப்பவர்கள் நிரந்தர உத்தரவு கொடுத்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் தானாகப் போய்விடும். தேதியை 1 அல்லது 2 என்று வையுங்கள்; 5 என்று வைத்தால் அன்று விடுமுறையாகிவிடக் கூடும்.

கிளை அஞ்சலகத்தில் ரொக்கமாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. பாஸ்புக் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். கட்டிய தொகையும் தேதி முத்திரையும் பாஸ்புக்கில் ஏறியதை அங்கேயே பாருங்கள். “நாளைக்குப் போட்டுத் தருகிறேன்” என்பதற்கு, தெரிந்த மனிதராகவே இருந்தாலும், சம்மதிக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு தடவை துணை அஞ்சலகத்துக்கோ தலைமை அஞ்சலகத்துக்கோ பாஸ்புக்கை எடுத்துப்போய் வட்டிப் பதிவு போட்டு, கணினியில் உள்ள இருப்பும் பாஸ்புக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பதினைந்து ஆண்டா, பதினாறு தவணையா

தொடங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் பணம் கட்டலாம். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் எதுவும் கட்டாமலே வட்டி வளரும். இந்த ஆறு ஆண்டுகளை லேசாக நினைக்க வேண்டாம். மேலே சொன்ன ஒன்றரை லட்சக் கணக்கில் 15ஆம் ஆண்டு முடிவில் இருப்பது 44.7 லட்சம், அதை 71.8 ஆக்குவது இந்த ஆறு ஆண்டு வட்டிதான்.

உச்சவரம்பு நிதியாண்டுக்கு, 15 ஆண்டு என்பதோ தொடங்கிய தேதியிலிருந்து. 2025 நவம்பர் 10இல் தொடங்கிய கணக்குக்கு 2040 நவம்பர் வரை கட்டலாம். இடையில் வரும் நிதியாண்டுகளை எண்ணிப் பாருங்கள்: 2025–26 முதல் 2040–41 வரை பதினாறு. முழு வரம்பையும் பயன்படுத்த நினைப்பவருக்கு ஒரு தவணை கூடுதலாகக் கிடைக்கிறது. கடைசி ஆண்டில் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும், மார்ச்சுக்குக் காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும்.

ஒரு வருடம் கட்டாமல் விட்டால்

கணக்கு செத்துவிடாது. ஒரு நிதியாண்டில் 250 ரூபாய்கூடக் கட்டாவிட்டால் அது ‘தவறிய கணக்கு’ ஆகும். விட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் 250 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். மூன்று ஆண்டு விட்டுப்போயிருந்தால் மூன்று தடவை 300, அதாவது 900 ரூபாய், அதோடு நடப்பு ஆண்டின் 250. தொடங்கி 15 ஆண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். சரிசெய்யாமலே விட்டாலும் அதுவரை கட்டிய பணத்துக்குத் திட்டத்தின் வட்டி முதிர்வு வரை தொடரும். 2019 விதிகளில் வந்த நல்ல மாற்றம் இது. அதற்கு முன்பு சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைத்தது. பழைய பாஸ்புக்கைப் பீரோவில் போட்டு மறந்த வீடுகள் தேடி எடுத்துக்கொண்டு அஞ்சலகம் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை.

வட்டி மாறும்

தொடங்கிய அன்றைய வட்டியே 21 ஆண்டும் நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அரசு ஒவ்வொரு காலாண்டும் வட்டியை அறிவிக்கிறது. புது விகிதம் பழைய கணக்கின் மொத்த இருப்புக்கும் பொருந்தும். திட்டம் வந்தபோது 9.1 சதவீதம், 2015–16இல் 9.2, பிறகு இறங்கி 2018 ஜனவரியில் 8.1, அந்த ஆண்டு அக்டோபரில் 8.5, 2020 ஏப்ரலில் 7.6, 2023 ஏப்ரலில் 8, 2024 ஜனவரியில் 8.2. இங்கே தந்த தொகைகள் எல்லாம் 8.2 மாறாமல் இருந்தால் என்ற கணக்கில் வந்தவை. 7.6 போன்ற விகிதம் சில ஆண்டு நீடித்தால் குறையும். மகளின் படிப்புக்கோ திருமணத்துக்கோ பட்ஜெட் போடும்போது ஒரு சதவீதம் குறைத்தே போட்டுப் பாருங்கள்.

படிப்புக்குப் பணம் எடுப்பது

பெண்ணுக்கு 18 வயது நிறைந்தாலோ, அல்லது அவள் பத்தாம் வகுப்பு தேறினாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதிலிருந்து மேற்படிப்புக்காக எடுக்கலாம். ஆகவே பாலிடெக்னிக், மேல்நிலைப் படிப்புக்குக்கூட வழி உண்டு.

எவ்வளவு? முந்தைய மார்ச் 31 அன்று இருந்த இருப்பில் பாதி வரை. ஆனால் கல்விக் கட்டணமாகக் கேட்கும் தொகைக்கு மேல் தர மாட்டார்கள். மார்ச் 31 இருப்பு 10 லட்சம் என்றால் உச்சவரம்பு 5 லட்சம். கல்லூரிக் கட்டணச் சீட்டில் 1.4 லட்சம் என்று இருந்தால் 1.4 லட்சம்தான் கிடைக்கும். மொத்தமாகவோ, ஆண்டுக்கு ஒரு தடவை வீதம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளில் தவணையாகவோ எடுக்கலாம்.

சேர்க்கை உறுதியான கடிதம் அல்லது கட்டணச் சீட்டு, பெண்ணின் அடையாள ஆவணம், பாஸ்புக், பணம் எடுக்கும் படிவம் ஆகியவை தேவை. நாள் நெருக்கடிதான் இங்கே பெரிய தொல்லை. கலந்தாய்வில் இடம் கிடைத்தால் சில நாட்களுக்குள் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பெயர் மாற்றம், கையெழுத்துப் பதிவு என்று ஆரம்பித்தால் சேராது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆண்டிலேயே பாஸ்புக்கை எடுத்துப்போய் எல்லாவற்றையும் புதுப்பித்து வையுங்கள். முதல் தவணைக் கட்டணத்துக்கு வேறு பணம் தயாராக இருப்பது நல்லது. தங்கும் விடுதி, பேருந்து, மடிக்கணினிச் செலவுக்கு இந்தக் கணக்கை நம்பவே வேண்டாம். இந்தக் கணக்கைக் காட்டிக் கடனும் வாங்க முடியாது. குடும்பத்துக்கு ஒரு அவசரம் வந்தால் சமாளிக்க ஆறு மாதச் செலவுப் பணம் கைவசம் இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தை இதில் கொண்டுபோய்ப் பூட்டுவது சரியல்ல.

முன்கூட்டியே முடிப்பது

18 வயதுக்கு மேல் திருமணம் என்றால் முழுத்தொகையும் வாங்கிக் கணக்கை முடிக்கலாம். அதற்கு ஒரு கால வரம்பு உண்டு: திருமணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரை. நிச்சயதார்த்தம் முடிந்து ஆறு மாதம் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க எடுக்கலாம் என்று திட்டமிட்டவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். திருமண நாளில் பெண்ணுக்கு 18 நிறைந்திருக்கும் என்பதற்கு முத்திரைத்தாளில் உறுதிமொழியும் வயதுச் சான்றும் கேட்பார்கள். நம் பங்குக்குச் சொல்ல வேண்டியது: திருமணத்துக்காக முடிப்பது கட்டாயம் அல்ல. திருமணமான பெண்ணும் தன் பெயரில் முதிர்வு வரை இதைத் தொடரலாம். அவளுடைய சொந்தப் பணமாக அது இருப்பது பெரிய பலம்.

குழந்தை இறக்க நேர்ந்தால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் கணக்கு முடிக்கப்பட்டு, வட்டியோடு காப்பாளரிடம் தரப்படும். உயிருக்கு ஆபத்தான நோய்க்குச் சிகிச்சை, காப்பாளரின் மரணத்தால் வந்த நெருக்கடி போன்ற காரணங்களுக்கு, ஐந்து ஆண்டு முடிந்த கணக்கை ஆவணங்களோடு விண்ணப்பித்து முடிக்கலாம். காப்பாளர் இறந்த உடனே முடித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. அம்மாவோ அப்பாவோ மற்றவர் காப்பாளராக மாறி, ஆண்டுக்கு 250 ரூபாயில்கூடத் தொடரலாம்.

ஊர் மாறினால்

இந்தியாவுக்குள் எந்த அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் மாற்றலாம். இப்போது கணக்கு இருக்கும் இடத்தில் போகவேண்டிய கிளையின் பெயர், முகவரியோடு விண்ணப்பம் கொடுத்து பாஸ்புக்கை ஒப்படைக்க வேண்டும். அஞ்சலகத்துக்குள்ளேயே மாறுவது சுலபம். அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கு என்றால் கோப்பும் காசோலையும் தபாலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம். எனவே அந்த ஆண்டுக்கான பணத்தை முதலில் கட்டிவிட்டு, மார்ச் கடைசியையும் ஏப்ரல் முதல் வாரத்தையும் தவிர்த்து விண்ணப்பியுங்கள். பாஸ்புக்கை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் தரும் பாஸ்புக்கில் ‘தொடங்கிய தேதி’ பழைய தேதியாகவே இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றல் வந்த தேதியைத் தவறிப் பதிந்துவிட்டால் முதிர்வு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

பதினெட்டு, பிறகு இருபத்தொன்று

18 வயது நிறைந்ததும் கணக்கைப் பெண்ணேதான் இயக்க வேண்டும்; அப்பாவின் கையெழுத்து அதற்கு மேல் செல்லாது. அவளுடைய ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து கொடுத்து மாற்ற வேண்டும். பான் கார்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் இருக்கட்டும்.

கணக்கு தொடங்கி 21 ஆண்டு நிறையும் நாளில் முதிர்வு. அதற்குப் பிறகு இந்த வட்டி கிடையாது, எனவே பழக்கத்தில் விட்டுவைக்காமல் அந்த மாதமே வாங்கிவிட வேண்டும்.

வரியும், மகன்களும்

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80சி என்று எல்லோரும் சொல்லிப் பழகிய கழிவு, மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குள், இதற்கும் கிடைக்கும். புதிய வரிமுறையில் அந்தக் கழிவு இல்லை. ஆனால் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் இரண்டு முறையிலும் வரி இல்லை. இரண்டு மகள்கள் இருந்தால் ஆளுக்கு ஒன்றரை லட்சம் கட்டலாம், கழிவு மட்டும் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தோடு நிற்கும்.

மகனுக்கும் பத்து வயது தாண்டிய மகளுக்கும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டு அஞ்சல் வட்டம் 2015இல் ஆண் குழந்தைகளுக்காக ‘பொன்மகன் பொதுவைப்பு நிதி’ என்று பெயரிட்டு அறிமுகப்படுத்தியது இதே கணக்கைத்தான். ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை. 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம், ஐந்தாம் தேதி விதி இதற்கும் உண்டு. தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகு 15 முழு ஆண்டுகள்: 2026–27இல் தொடங்கினால் 2042 மார்ச் கடைசியில் முதிர்வு, வேண்டுமானால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு உச்சவரம்பில்தான். அப்பா தன் சொந்தக் கணக்கில் 1.5 லட்சம் கட்டிவிட்டு, தான் காப்பாளராக இருக்கும் மகன் கணக்கிலும் 1.5 லட்சம் கட்ட முடியாது. இரண்டும் சேர்த்தே ஒன்றரை லட்சம். செல்வமகள் கணக்குக்கு இந்தக் கூட்டு வரம்பு கிடையாது. வருமானம் உள்ள அம்மா தன் பெயரில் கணக்கு வைத்திருக்கவில்லை என்றால், மகனுக்கு அவரைக் காப்பாளராகப் போட்டால் இந்த முட்டல் வராது. ஒரே பிள்ளைக்கு இருவரும் தனித்தனியாகத் தொடங்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும்.

2024 செப்டம்பர் 18இல் வந்த ‘வாத்சல்யா’ ஓய்வூதியக் கணக்கையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது சந்தையோடு ஏறி இறங்குவது, ஓய்வுக்காலத்தை நோக்கியது. கல்லூரிச் செலவுக்காகச் சேமிப்பவர்கள் அதை இதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமும் வேறு: அங்கே வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்கு அரசே குழந்தை பெயரில் வைப்புத்தொகை போடுகிறது, ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000. அதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அஞ்சலகத்தில் அல்ல. அதைப் பெற்ற குழந்தைக்கும் செல்வமகள் கணக்கு தொடங்கலாம்.